மாங்கனித் திருநாளுக்குப் புறப்படுமுன்

ஆண்டின் பெரும்பகுதி அமைதியாக இருந்து, ஒரு திருநாளில் மட்டும் ஊர் கொள்ளாக் கூட்டத்தைக் காணும் கடற்கரைத் தலங்கள் கீழைக் கரையில் பல உள்ளன. மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் மயிலம் முருகப்பெருமான் முதலாகப் பல ஊர் மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகின்றனர். அதே மாசி மகத்தில் திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாள் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். ஆடி பிறந்தால் வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் தேரோட்டம். இவ்வரிசையில், ஆனித் திங்கள் பௌர்ணமியை ஒட்டித் தன் முகமே மாறிவிடும் ஊர் காரைக்கால். அங்கு அப்போது நிகழ்வது காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பகுதிகளில் வாழும் அன்பர்களுக்குக் காரைக்கால் அயலூர் அன்று. புதுச்சேரி, காரைக்கால், மாகே, யானம் ஆகிய நான்கு பகுதிகளும் 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சியினின்று ஒருங்கே இந்தியாவின் வசமாயின. இன்றும் ஒரே ஒன்றியப் பகுதியாகவே விளங்குகின்றன. ஆயினும், காசிக்கும் இராமேசுவரத்துக்கும் சென்று வந்த முதியோர் பலர், தம் ஆட்சிப் பகுதிக்குள்ளேயே இருக்கும் அம்மையாரின் திருநாளை ஒருமுறையும் கண்டதில்லை. ‘அருகில்தானே இருக்கிறது, அடுத்த ஆண்டு போகலாம்’ என்னும் எண்ணமே இதற்குக் காரணம். தொலைவிலுள்ள தலத்துக்கு ஓராண்டு முன்பே ஏற்பாடு செய்யும் குடும்பங்கள், அருகிலுள்ள தலத்துக்கு முதல்நாள் இரவு வரை ஒன்றும் செய்வதில்லை. அவ்வாறு புறப்பட்டால் கூட்டத்தில் அல்லற்பட்டுத் திரும்ப நேரிடுகிறது. அல்லது புறப்படாமலே நாள் கடந்துவிடுகிறது.

முதலில் அறிந்துகொள்ள வேண்டியது நாள். இத்திருவிழா ஆங்கிலத் தேதியைப் பின்பற்றி வருவதன்று. ஆனிப் பௌர்ணமியைப் பின்பற்றி வருவது. மாங்கனி இறைக்கும் நாள் 2023இல் ஜூலை 2 அன்றும், 2024இல் ஜூன் 21 அன்றும், 2025இல் ஜூலை 10 அன்றும் அமைந்தது. சென்ற ஆண்டுத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு இவ்வாண்டு புறப்படுவோர் வெறும் வீதியைக் காண நேரலாம். பங்குனியில் புதிய பஞ்சாங்கம் வீட்டுக்கு வந்தவுடன் ஆனிப் பௌர்ணமியைக் குறித்து வைத்தல் நலம். அது உத்தேச நாளாக இருக்கட்டும். விழாவை நடத்துவது காரைக்கால் கைலாசநாதர், நித்திய கல்யாணப் பெருமாள் தேவஸ்தானம். பந்தற்கால் நாட்டி, அழைப்பிதழ் வெளியான பின்னரே நாளும் நேரமும் உறுதியாகும். அவற்றைச் செய்தித்தாளிலோ, காரைக்காலில் உள்ள உறவினர் வாயிலாகவோ அறிந்துகொண்டு வண்டிக்குச் சொல்வதே முறை.

இரண்டாவதாக, இது ஒரு நாள் விழா அன்று என்பதை மனத்தில் இருத்த வேண்டும். பலர் அறிந்திருப்பது வீதியில் மாங்கனி இறைக்கும் காட்சியை மட்டுமே. உண்மையில் அம்மையாரின் வாழ்க்கை முழுவதும் அந்த ஊரின் வீதிகளிலும் கோயிலிலும் நாள் வாரியாக நடித்துக் காட்டப்படுகிறது. பெரிய புராணத்தில் சேக்கிழார் பெருமான் பாடிய வரலாற்றை அறிந்தவருக்கு ஒவ்வொரு நாளின் பொருளும் எளிதில் விளங்கும்.

காரைக்காலில் தனதத்தன் என்னும் வணிகரின் ஒரே மகளாகப் பிறந்தவர் புனிதவதியார். நாகப்பட்டினத்து வணிகர் நிதிபதியின் மகன் பரமதத்தன் அவரை மணந்து, மாமனார் ஊரிலேயே தங்கி வணிகம் செய்தார். விழாவின் முதல் மாலையில் மாப்பிள்ளை அழைப்பு நிகழ்கிறது. பரமதத்தன் மாப்பிள்ளைக் கோலத்தில் மேளதாளத்துடன் அம்மையார் கோயிலுக்கு அழைத்து வரப்படுகிறார். மறுநாள் காலை புனிதவதியாருக்கும் பரமதத்தனுக்கும் திருக்கல்யாணம். ஊரார் தம் வீட்டுத் திருமணத்துக்கு வருவது போலச் சீர்வரிசையோடு வந்து கூடுகின்றனர்.

மூன்றாம் நாளே மாங்கனி நாள். கடையில் இருந்த பரமதத்தனுக்கு ஒருவர் இரண்டு மாங்கனிகளைத் தந்தார். அவர் அவற்றை வீட்டுக்கு அனுப்பினார். அவ்வேளையில் பசியோடு ஒரு சிவனடியார் வந்தார். சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. புனிதவதியார் வீட்டில் இருந்ததைக் கொண்டு, ஒரு மாங்கனியைச் சோற்றோடு படைத்துப் பசியாற்றினார். அடியார் கோலம் நினைவாகச் சிவபெருமான் பிட்சாடனர் திருக்கோலத்தில் பவளக்கால் சப்பரத்தில் வீதியுலா வருகிறார். பெருமான் வரும் வழியெங்கும் வீட்டு மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மாங்கனிகள் இறைக்கப்படுகின்றன. குழந்தைப்பேறு வேண்டுவோர் அக்கனியைப் பிடித்து உண்டால் வேண்டியது கிட்டும் என்பது நம்பிக்கை. வேண்டுதல் நிறைவேறியவர்கள் அடுத்து வரும் ஆண்டுகளில் தாமே கனி இறைக்கின்றனர். காலையில் புறப்படும் உலா நெடுநேரம் நிகழ்ந்து, மாலையில் அம்மையார் கோயிலில் அமுது படையலாக நிறைவுறுகிறது.

நான்காவதாக உள்ள நிகழ்ச்சியே பலர் அறியாதது. எஞ்சிய ஒரு கனியை உண்ட பரமதத்தன், மற்றதையும் கேட்டார். புனிதவதியார் இறைவனை நினைக்க, கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை வேறாக இருக்கவே, உண்மை வெளிப்பட்டது. மீண்டும் ஒரு கனியை வரவழைத்துக் காட்டுமாறு கணவர் கேட்க, அதுவும் வந்து மறைந்தது. மனைவியைத் தெய்வமெனக் கருதி அஞ்சிய பரமதத்தன், வணிகம் செய்வதாகச் சொல்லிக் கப்பல் ஏறிப் போனார். பாண்டி நாட்டில் வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டார். உறவினர் அம்மையாரை அங்கு அழைத்துச் சென்றபோது, மனைவி மகளோடு அவர் காலில் விழுந்து வணங்கினார். கணவருக்காகவே தாங்கிய அழகு இனி வேண்டா என்று துறந்து, அம்மையார் பேய்வடிவு பெற்றுக் கயிலைக்குச் சென்றார். அப்புனித மலையில் கால் பதிக்க அஞ்சித் தலையால் நடந்தார். இறைவன் அவரைத் தாய் என அழைத்தார். மாங்கனி நாள் இரவு கழிந்து விடியலுக்கு முன், அம்மையாருக்கு இறைவன் காட்சி கொடுக்கும் நிகழ்ச்சி நடைபெறுகிறது. இளையோர் கூட்டம் பெரிதும் குறைந்த வேளை அது.

இவ்வளவும் அறிந்த பின்னரே ‘எந்த நாள் செல்வது’ என்னும் கேள்விக்கு விடை காண முடியும். ஏம்பலத்துப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தாத்தாவுக்கு எழுபத்து நான்கு வயது, ஆயாவுக்கு அறுபத்தொன்பது. ஆனியில் வயலில் சொர்ணவாரிப் பயிர் கதிர் வாங்கும். ஒருநாள் கூட வீட்டை விட்டு அகல்வது எளிதன்று. ஓராண்டு தாத்தாவுக்குக் கண்ணில் புரை நீக்கும் அறுவை. மறு ஆண்டு பேரனின் கல்லூரிச் சேர்க்கை. அதற்கடுத்த ஆண்டு தேதி தவறிப் போயிற்று. இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன. ஆயாவின் முழங்கால் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு காத்திருப்பதில்லை. முன்பு கோயிலை மூன்று சுற்று வந்தவர், இப்போது ஒரு சுற்றில் தூணைப் பிடித்துக்கொள்கிறார்.

இத்தகைய வீட்டில் மருமகள் தடுப்பது அன்பினால்தான். “அத்தை, அந்தக் கூட்டத்துல உங்களால நிக்க முடியுமா?” என்று அவள் கேட்பதில் தவறில்லை. “மாம்பழம் பிடிக்கவாம்மா போறேன்? அம்மாவைப் பார்த்துட்டு வரத்தான்” என்று ஆயா சொல்வதிலும் தவறில்லை. இருவர் சொல்லும் நிறைவேற வழி உண்டு. ஆனால் அதைப் புறப்படும் அன்று காலையில் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மாதம் முன்பே எல்லாரும் உட்கார்ந்து பேசி, அந்த வீட்டில் யார் மிக மெல்ல நடப்பவரோ அவருடைய நடைக்கு ஏற்ப நாளையும் வழியையும் அமைத்தால் கிடைக்கும்.

மாங்கனி நாளின் உலாவை நேரில் கண்டவர் அறிவர்: அது நின்று பார்க்கும் விழா அன்று, நெருக்கித் தள்ளப்படும் விழா. வானிலிருந்து வரும் கனியை நோக்கி நூறு கைகள் ஒருசேர எழும்போது கீழே இருப்பவரை ஒருவரும் பாரார். மிதிபட்ட கனியின் தோலும் சதையும் வீதியை வழுக்கச் செய்கின்றன. அறுபத்தைந்தைக் கடந்தவர் ஒருமுறை விழுந்தால், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் நிலை வரலாம். ஆதலின் அந்த நாளில் செல்ல விரும்பும் முதியோர், உலா வரும் வீதியில் உறவினர் வீடோ, தெரிந்தவர் திண்ணையோ, மாடியோ உறுதியாகக் கிடைத்தால் மட்டுமே செல்லுதல் தகும். சப்பரம் வருவதற்கு நெடுநேரம் முன்பே அவ்விடம் சேர்ந்துவிட வேண்டும். கூட்டம் கடந்த பின்னரே இறங்க வேண்டும்.

அவ்விதம் இடம் கிடைக்காதோர்க்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திருக்கல்யாண நாள். விடியற்காலை ஏம்பலத்திலிருந்து காரில் புறப்பட்டு, கல்யாணம் கண்டு, கைலாசநாதரையும் நித்திய கல்யாணப் பெருமாளையும் தரிசித்து, மாலையில் திரும்பிவிடலாம். மற்றொன்று, மாங்கனி நாள் பிற்பகலில் காரைக்கால் சேர்ந்து, விடுதியில் இளைப்பாறி, விடியலுக்கு முந்தைய காட்சியைக் கண்டு திரும்புவது. இரண்டாவது வழிக்கு ஓர் இரவுத் தங்கல் தேவை. ஆனால் முதியோர்க்கு உரிய பொருள் அதில்தான் நிறைந்திருக்கிறது. இளமையும் அழகும் நீங்கி எலும்பும் தோலுமாய் நின்ற வடிவத்தையே இறைவன் தாய் என்று ஏற்றார் என்பதைக் காண்பதற்கு, முதுமையை அடைந்தோரை விடத் தகுதியுடையோர் யார்? நரையும் திரையும் நாணத்தக்கன அல்ல என்று சொல்லும் திருநாள் அது.

அறுபத்து மூவர் வரிசையைக் கோயில்களில் வலம் வரும்போதும் இக்கருத்தே புலப்படும். நாயன்மார் அனைவரும் நின்ற கோலத்தில் இருக்க, அம்மையார் ஒருவரே அமர்ந்த கோலத்தில் விளங்குகிறார். பெண்பாலரான நாயன்மார் மூவர்: அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். அவர்களுள் பாடல்கள் அருளியவர் அம்மையார் ஒருவரே. அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் ஆகியவை பதினோராம் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. தேவார மூவர்க்கும் முற்பட்டவர் அவர். அம்மையார் தலையால் நடந்த திருவாலங்காட்டைத் தம் காலால் மிதிக்க அஞ்சித் திருஞானசம்பந்தப் பெருமான் ஊருக்கு வெளியே தங்கினார் என்கிறது பெரிய புராணம். புறப்படுமுன் ஒரு வாரம், மாலை விளக்கேற்றியபின் பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்தி இவ்வரலாற்றைச் சொல்லி வைத்தால், அங்கே காணும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் அவர்களுக்கு விளங்கும். இதுவும் பயண ஏற்பாட்டில் ஒரு பகுதியே.

இனி வழி. ஏம்பலத்திலிருந்து கரிக்கலாம்பாக்கம், பாகூர் வழியாகக் கடலூர்ச் சாலையை அடைந்து, சிதம்பரம், சீர்காழி, திருக்கடையூர், தரங்கம்பாடி வழியே காரைக்கால் செல்ல வேண்டும். தொலைவு ஏறத்தாழ 120 முதல் 130 கிலோமீட்டர். இடையில் இளைப்பாறுதலையும் சேர்த்துக் காரில் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். புதுச்சேரியிலிருந்து கடலூர் வழியாகக் காரைக்காலுக்கு நேர்ப் பேருந்துகள் உள்ளன. ஆயினும் விழா நாள்களில் உட்கார இடம் கிடைக்கும் என்று நம்பி முதியோரைக் கடலூரில் ஏற்றிவிடுதல் கூடாது. பேருந்தே வசதி என்போர் புதுச்சேரி நிலையத்துக்குச் சென்று புறப்படும் இடத்திலேயே ஏறி அமர்தல் நலம்.

வழியில் இத்தனை பெருந்தலங்கள் இருப்பது பேறும் ஆகும், இடரும் ஆகும். சிதம்பரத்தில் தில்லைக் கூத்தன், சீர்காழியில் தோணியப்பர், வைத்தீசுவரன்கோயிலில் வைத்தியநாதர், திருக்கடையூரில் அபிராமி அன்னை என்று ஒவ்வொரு கோபுரமும் அழைக்கும். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இதையும் பார்த்துவிடுவோம்’ என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால், காரைக்கால் சேரும்போது கால்கள் ஓய்ந்துவிடும். போகும்போது ஒரு தலம், வரும்போது ஒரு தலம் என்று வரையறுத்துக்கொள்ளுதல் தக்கது. அறுபதாம் கல்யாணமோ எண்பதாம் கல்யாணமோ திருக்கடையூரில் செய்துகொண்ட தம்பதியர் அங்கு மீண்டும் ஒருமுறை நிற்க விரும்புவர். அவர்களுக்கு அதுவே போதும். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனமும் இதே திங்களில்தான் நிகழ்கிறது. அது உத்திர நட்சத்திரத்தைப் பற்றியது. மாங்கனித் திருநாளோ பௌர்ணமியைப் பற்றியது. இரண்டும் சில ஆண்டுகளில் நெருங்கி வரும். சில ஆண்டுகளில் விலகி நிற்கும். தேரோட்ட நாளில் சிதம்பரம் வழியே போக நேர்ந்தால் நகருக்குள் நுழையாமல் புறவழிச் சாலையில் செல்வதே நேரத்தைக் காக்கும்.

காரைக்காலுக்கு மேற்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் திருநள்ளாறு உள்ளது. செல்வோர் அனைவரும் தர்ப்பாரண்யேசுவரரையும் சனி பகவானையும் தரிசிக்க விரும்புவர். ஆனால் கிழமையைக் கவனிக்க வேண்டும். 2024இல் மாங்கனி நாள் வெள்ளிக்கிழமை, விடியற்காட்சி சனிக்கிழமை. இவ்வாறு அமையும் ஆண்டில் இரண்டு ஊர்க் கூட்டமும் ஒன்றாகச் சேரும். அப்போது திருநள்ளாற்றை வேறொரு நாளுக்கு ஒதுக்கிவிட்டு, இடைவழியில் உள்ள தருமபுரத்தில் யாழ்மூரிநாதரையும் தேனாமிர்தவல்லியையும் வணங்கி வரலாம். திருஞானசம்பந்தரின் இசையை யாழில் அடக்க இயலாது என்று திருநீலகண்ட யாழ்ப்பாணர் உணர்ந்த பாடல் பெற்ற தலம் அது. கூட்ட நெரிசல் இன்றி அமர்ந்து வழிபட அங்கு இடம் உண்டு.

தங்குமிடத்துக்கு அழைப்பிதழ் வந்தவுடனே சொல்லிவைக்க வேண்டும். விழா நாள்களில் காரைக்காலில் அறை கிடைத்தல் அரிது. அறை தரைத்தளத்தில் இருக்கிறதா, மின்தூக்கி உண்டா, மேலைநாட்டு முறைக் கழிப்பறை உண்டா என்னும் மூன்றையும் கேட்டு உறுதி செய்த பின்னரே முன்பணம் அனுப்ப வேண்டும். நகருக்குள் கிடைக்காவிடில் திருநள்ளாற்றிலோ நாகூரிலோ தங்கலாம். அவ்வாறு தங்குவோர் விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி வருமா என்று முன்னிரவிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். அடையாளத்துக்கு ஆதார் அட்டையின் நகல் கையில் இருக்கட்டும்.

ஆனியில் கத்திரி வெயில் கழிந்திருந்தாலும் கடற்கரை ஊரின் புழுக்கம் கழிவதில்லை. கழிப்பறை தேட வேண்டுமே என்று எண்ணி, வெளியூர் செல்லும் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகின்றனர். மயக்கமும் சிறுநீர்த் தொல்லையும் இதனால் வருகின்றன. சிறிது சிறிதாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்வதில் கூச்சம் வேண்டா. இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகளை இரண்டு நாளுக்கு மேலாகவே எடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவரின் மருந்துச் சீட்டு நகல் ஒன்று பெட்டியிலும் ஒன்று உடன்வருவோரிடமும் இருத்தல் நலம். சர்க்கரை நோயுள்ளோர் பிரசாதக் கனியை மறுக்கவும் வேண்டா. முழுவதும் உண்ணவும் வேண்டா. ஒரு சிறு துண்டை வாயிலிட்டு, எஞ்சியதை அருகில் இருப்போர்க்குக் கொடுத்தால் பிரசாதத்தின் பயன் குறைவதில்லை.

பணத்தை ஒரே இடத்தில் வைத்தல் ஆகாது. அன்றைய செலவுக்கானது சட்டைப் பையில். எஞ்சியது இருவரிடம் பிரித்து. ஏ.டி.எம். அட்டையின் உறையில் இரகசிய எண்ணை எழுதி வைக்கும் வழக்கம் முதியோர் பலரிடம் உண்டு. திருடனுக்கு அட்டையையும் சாவியையும் ஒன்றாகக் கொடுப்பது அது. நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடு செல்வதே கூட்டத்தில் காப்பு. பெயரும் வீட்டாரின் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு ஒவ்வொருவர் மடியிலும் இருக்கட்டும். கைப்பேசி இருக்கிறதே என்று நம்பி இருத்தல் போதாது. மேளச் சத்தத்தில் மணி கேளாது. பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று ஓர் இடத்தை முன்பே பேசி வைக்க வேண்டும். பாரதியார் வீதியில் உள்ள அம்மையார் கோயிலின் குளக்கரை அதற்கு ஏற்றது; யாரைக் கேட்டாலும் வழி காட்டுவர்.

கடலைக் காண விரும்புவோர் மாலை வேளையைத் தேர்ந்தெடுக்கலாம். நகரிலிருந்து சிறிது தொலைவில், அரசலாறு கடலோடு கலக்கும் முகத்தில் காரைக்கால் கடற்கரை அமைந்துள்ளது. முகத்துவாரத்தில் நீரோட்டம் வலிது. இறங்கி நீராடும் ஆசை வேண்டா. மணலில் அமர்ந்து அந்தக் கடலைப் பார்த்தாலே போதும். பரமதத்தன் கப்பல் ஏறிப் போன கடல் இதுவே. அவர் திரும்பி வருவார் என்று எண்ணி இல்லறத்தை நடத்தியபடி இந்த ஊரில் காத்திருந்த புனிதவதியாரை நினைத்துக்கொண்டு சற்றுநேரம் அமர்ந்திருந்தால், மறுநாள் விடியலில் காணும் காட்சி கண்ணுக்கு மட்டும் உரியதாக நில்லாது.

ஏற்பாடுகள் அனைத்தும் முடிந்த பின்னர் ஒன்று எஞ்சுகிறது. மாங்கனித் திருநாளுக்குச் செல்வோர் பெரும்பாலும் கனியைப் பெறுவதற்கே செல்கின்றனர். இளையோர்க்கு அது பொருந்தும்; மக்கட்பேறு வேண்டுவோர்க்கு அது உரிமையும் ஆகும். முதியோர் அந்தக் கைகளோடு போட்டியிட வேண்டியதில்லை. அம்மையார் வரலாற்றில் முதற்கனி பெறப்பட்டதன்று, கொடுக்கப்பட்டது. கறி ஆகவில்லை, சற்றுப் பொறுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கணவர் கேட்பாரே என்று எண்ணி ஒளிக்கவும் இல்லை. வீட்டில் இருந்ததை, கேட்டவரின் பசி தீரும் நேரத்தில் கொடுத்தார். பின் வந்த அற்புதங்கள் அனைத்தும் அந்த ஒரு கொடையைத் தொடர்ந்து வந்தவையே.

ஆகவே முதியோர் தம் ஊர்ச் சந்தையிலேயே நல்ல கனிகளாக ஒரு கூடை வாங்கிச் செல்லலாம். ஆனியில் மாம்பழக் காலம் முற்றிலும் முடிந்திராது. அம்மையார் சந்நிதியில் நிவேதனத்துக்குச் சில. பிள்ளைப்பேறு வேண்டி வந்து, கூட்டத்தில் ஒரு கனியும் கிட்டாமல் வாடிய முகத்தோடு கோயில் வாயிலில் நிற்கும் இளந்தம்பதியர்க்குச் சில. ‘நல்லா இருங்கம்மா’ என்று ஒரு மூத்த பெண்மணி தன் கையால் கொடுக்கும் கனி, மாடியிலிருந்து விழும் கனியினும் தாழ்ந்ததன்று. பிடிப்பதற்கு வலுவில்லாத கைக்குக் கொடுப்பதற்கு வலு எப்போதும் உண்டு.

2020ஆம் ஆண்டில் தொற்று பரவிய காலத்தில் இத்திருவிழா வீதிக்கு வராமல் கோயிலுக்குள்ளேயே நடைபெற்றது. ‘அடுத்த ஆண்டு’ என்று அதற்கு முன் தள்ளிவைத்தவர்களுள் எத்தனையோ பேருக்கு அந்த அடுத்த ஆண்டு வரவேயில்லை. அம்மையார் ஆண்டுதோறும் தம் ஊர் வீதியில் எழுந்தருளுவார். செல்வோரின் கால்களே அதுவரை உடன்வருமா என்பது உறுதியில்லாதது. ஆதலின் இன்றைக்கே பஞ்சாங்கத்தை எடுத்து ஆனிப் பௌர்ணமியில் ஒரு குறியிட்டு, வீட்டாரை உட்கார்த்திப் பேசுவது நன்று. மூன்று நாளும் காண வேண்டும் என்பதில்லை. உடம்புக்கு ஏற்ற ஒரு வேளையைத் தேர்ந்து, அதை நிறைவாகக் கண்டு, நலமாக வீடு திரும்பினால் போதும்.

இறைவனே தாய் என்றழைத்த காரைக்கால் அம்மையார், தம்மை நாடி வரும் முதிய அடியார்களின் கைப்பிடித்து அழைத்துச் சென்று, நலமே வீடு சேர்ப்பாராக.